ஆப் செய்யக் கொடுக்கும் முன், அந்தக் கம்பெனியை டெஸ்ட் செய்யுங்கள்

மொபைல் ஆப்பும் இணையதளமும் செய்து கொடுக்கும் கம்பெனிகளில் 14 வருடமாக டெஸ்டராக வேலை பார்க்கிறேன். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் ஆள். ஆப் செய்ய நினைக்கும் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது "எந்தக் கம்பெனியிடம் கொடுக்கலாம்?" என்றுதான். பெயர் சொல்ல மாட்டேன். எப்படிப் பார்ப்பது என்று வேண்டுமானால் சொல்லித் தருகிறேன்.

முதல் சந்திப்பில் ஸ்லைடு போடுவார்கள். வரிசையாக லோகோக்கள் வரும். நான் வேலை பார்த்த இடங்களிலும் போட்டார்கள். அதில் பாதி ஆப் இப்போது ஸ்டோரில் தேடினாலும் கிடைக்காது. அதனால் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்று மட்டும் கேளுங்கள்: "நீங்கள் செய்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஆப் மூன்று சொல்லுங்கள்." மூன்று பெயர் சொல்லத் திணறினால் அதுவே ஒரு பதில்.

சரி, மூன்றையும் இறக்குங்கள். புதுப் போனில் வேண்டாம், அதில் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். வீட்டில் யாரோ ஓரம்கட்டிய பழைய ஆண்ட்ராய்டு போனை எடுங்கள். இறக்கும் முன் ஸ்டோர் பக்கத்தில் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பாருங்கள். ஒரு நட்சத்திர விமர்சனங்களையும் படியுங்கள். திட்டு எல்லா ஆப்புக்கும் விழும். ஒரே குறையை ஆறு மாத இடைவெளியில் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் விஷயம்.

அப்புறம் போன் செட்டிங்கில் எழுத்தளவைக் கடைசி வரை பெரிதாக்கிவிட்டு ஆப்பைத் திறங்கள். கண் மங்கிய பெரியவர்கள் போனை அப்படித்தான் வைத்திருப்பார்கள். எத்தனையோ ஆப்களில் இந்த இடத்திலேயே 'சமர்ப்பி' பொத்தான் கீபோர்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மேலே தள்ளினாலும் வராது.

அடுத்து, ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு, அனுப்பும் முன் ஏரோப்ளேன் மோட் போடுங்கள். அனுப்பினால் என்ன ஆகிறது? வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் மோசம். "இணைப்பு இல்லை, மறுபடி முயலுங்கள்" என்று சொல்லி, நீங்கள் நிரப்பியதையும் அப்படியே வைத்திருந்தால் அங்கே யோசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.

எனக்குப் பிடித்த சோதனை, பொத்தானை இரண்டு முறை தட்டுவது. ஒரு முன்பதிவு ஆப்பில் தட்டினேன், இரண்டு பதிவு விழுந்தது. எழுதிய தம்பி, "யாரு அக்கா ரெண்டு தடவை தட்டுவாங்க?" என்றான். நெட் மெதுவாக இருக்கும்போது எல்லாரும் தட்டுவார்கள் தம்பி. முதல் தட்டலிலேயே பொத்தானைச் செயலிழக்க வைத்துவிட்டு வந்தான். அது போதாது. பதில் வராமல் ஆப்பே மறுபடி அனுப்பினால் அதே கதைதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால், பதிவுகளைச் சேமிக்கும் கணினியான சர்வர் இது பழைய கோரிக்கைதான் என்று கண்டுகொள்ள வேண்டும். இந்தக் கேள்வியைச் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம். பொத்தானைப் பற்றி மட்டும் பேசுகிறவருக்கும் சர்வரைப் பற்றிப் பேசுகிறவருக்கும் அனுபவத்தில் நிறைய தூரம்.

தமிழில் ஆப் வேண்டுமென்றால் பெயர்க் கட்டத்தில் 'கிருஷ்ணமூர்த்தி' என்று அடித்துப் பாருங்கள். நம் கண்ணுக்கு 8 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் 15 குறியீடு. அதை யூடிஎஃப்-8 என்ற வழக்கமான முறையில் சேமித்தால் 45 பைட் இடம். எழுத்துக்கு எல்லை வைத்தவர் எந்தக் கணக்கில் வைத்தார் என்பது இங்கே வெளிச்சமாகும். தப்பாக வைத்திருந்தால் பெயரின் வால் அறுந்து நிற்கும். ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸிலும் இதே சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கிடைக்கும், தமிழில் 70 குறியீடுதான். தாண்டினால் இரண்டு செய்திக்குக் கட்டணம். இதை அவர்களே எடுத்துச் சொன்னால் தமிழில் ஏற்கனவே செய்தவர்கள் என்று அர்த்தம்.

இணையதளத்துக்கு இவ்வளவு பாடுபட வேண்டாம். அவர்கள் செய்த தளத்தின் முகவரியைக் தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் போடுங்கள், இலவசம்தான். மொபைலுக்கு என்று காட்டும் அளவைப் பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும். கூகுள் வைத்திருக்கும் அளவு இது.

எதை வைத்து ஆப் எழுதுவது, இரண்டு வகைப் போனுக்கும் சேர்த்தே எழுதும் ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா, இல்லை ஆண்ட்ராய்டுக்குக் காட்லினும் ஐபோனுக்கு ஸ்விஃப்டுமாகத் தனித்தனியாகவா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றிலும் நல்ல ஆப் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. "ஏன் இது?" என்று கேளுங்கள், போதும். உங்கள் வேலையை வைத்துக் காரணம் சொல்ல வேண்டும். "எங்களிடம் அதற்குத்தான் ஆள் இருக்கிறது" என்பதும் நேர்மையான பதில்தான், குறைவாக மதிப்பிடாதீர்கள். ஆப்பே தேவையில்லை, தளமே போதும் என்று சொல்லும் கம்பெனி கிடைத்தால் விடாதீர்கள். தளத்தையே ஒரு உறைக்குள் போட்டு ஆப் என்று அனுப்பினால் ஆப்பிள் திருப்பி அனுப்பவும் கூடும். அதன் விதிகளிலேயே இருக்கிறது. பயனர் கணக்கு தொடங்கும் வசதி இருந்தால், அதை அழிக்கும் வசதியும் ஆப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது 2022 ஜூன் கடைசியிலிருந்து ஆப்பிளின் இன்னொரு விதி. "கணக்கை எங்கே அழிப்பது?" என்று கேட்டதும் முழித்தால், சமீபத்தில் ஆப் ஸ்டோருக்கு எதுவும் அனுப்பவில்லை போலும்.

இனி சாவி விஷயம். இதில்தான் ஆட்கள் அழுது பார்த்திருக்கிறேன். 2019-ல் ஒருவர் எங்களிடம் வந்தார். வேறு இடத்தில் செய்த ஆண்ட்ராய்டு ஆப், ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தியது. சின்ன மாற்றம்தான் வேண்டும். ஆனால் ஆப்பில் கையொப்பமிடும் சாவிக் கோப்பு முதலில் செய்த கம்பெனியிடம் தொலைந்துவிட்டது. அது இல்லாமல் அப்டேட் போட முடியாது. புது ஆப்பாகப் பூஜ்யத்திலிருந்து ஏற்றினோம். பழைய விமர்சனங்களும் பயனர்களும் பழைய ஆப்போடே நின்றுவிட்டார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து ப்ளே ஸ்டோரில் ஏறும் புது ஆப்களுக்குக் கூகுளே அந்தச் சாவியை வைத்துக்கொள்கிறது. ஆப்பை ஸ்டோரில் ஏற்ற நம் பக்கம் இருக்கும் தனிச் சாவி தொலைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் ப்ளே கணக்கின் உரிமையாளர். அந்தக் கணக்கு கம்பெனி பெயரில் இருந்தால் பழைய கதைதான். எனவே ப்ளே, ஆப்பிள் டெவலப்பர் கணக்குகள், டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), சர்வர் நான்கையும் உங்கள் மின்னஞ்சலில் நீங்களே தொடங்கி, அவர்களுக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். "நாங்களே பார்த்துக்கிறோம்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். வேண்டாம் என்று அன்பாகவே சொல்லிவிடுங்கள்.

ஆப்புக்காக எழுதும் நிரலும் அப்படியே. வேலை முடிந்ததும் ஜிப் கோப்பாக வேண்டாம், முதல் நாளிலிருந்தே உங்கள் கிட் (Git, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் இடம்) கணக்கில் ஏற வேண்டும். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், எந்த வாரம் யார் என்ன ஏற்றினார்கள் என்பது தெரியும். மூன்று வாரம் ஒன்றுமே ஏறவில்லையென்றால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒன்று. உங்கள் ஆப்பில் வேலை பார்க்காத ஒரு டெவலப்பரிடம் காலி லேப்டாப்பைக் கொடுத்து, கிட்டிலிருந்து நிரலை எடுத்து ஆப்பை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் ஒரு வாடிக்கையாளர் முன்னால் இதைச் செய்தோம். ஒரு மணி நேரம் என்று நினைத்தது நாள் முழுக்க இழுத்தது. ஒரு பாஸ்வேர்ட் எழுதியவரின் மெஷினில் மட்டும் இருந்தது. அவரோ லீவில், போனையும் அணைத்துவிட்டிருந்தார்.