குவாட்ராஜெட்டின் பின்வாய்: திணறலைப் பெட்ரோல் ஊற்றித் தீர்க்க முடியாது

ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கிறீர்கள். பாய வேண்டிய வண்டி அரை நொடி திணறி, மூச்சு வாங்கி, அதற்கப்புறம்தான் இழுக்கிறது. குவாட்ராஜெட் என்ற கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி) பொருத்திய ஜெனரல் மோட்டார்ஸின் பழைய வி8 கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திணறல் பழக்கமானதுதான். யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: "பெட்ரோல் பத்தலை, பின் ராடை மாத்து." (ராடு என்பது பெட்ரோல் துளைக்குள் நின்று அளவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய கம்பி.) என்னுடைய 1972 ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸில் இரண்டு மாதம் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சைலன்சரில் கரும்புகை வந்தது, பிளக் கரி பிடித்தது, மைலேஜ் விழுந்தது. திணறல் மட்டும் இம்மியும் குறையவில்லை. பெட்ரோல் பற்றாமல் போனதற்குக் காரணம் ராடு அல்ல. காற்று முந்திக்கொண்டு வந்துவிட்டது.

இந்த ஒன்று புரிந்துவிட்டால் பின்பக்க ட்யூனிங்கில் பாதித் தவறுகள் தானாக விலகிவிடும். அதனால் முதலில் இந்தக் கார்புரேட்டர் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

ரோசெஸ்டர் குவாட்ராஜெட் 1965-ல் வந்தது, 1990 வரை புதிய கார்களில் இருந்தது. ஃபோர்டுகூட 1970-71-ல் தன் 429 கோப்ரா ஜெட் இன்ஜினுக்கு இதை வாங்கிப் போட்டது. காற்று புகும் நான்கு வாய்களில் முன்னிரண்டும் சிறியவை, விட்டம் 35 மில்லிமீட்டர். பின்னிரண்டும் 57 மில்லிமீட்டர். பரப்பளவில் பார்த்தால் பின்வாய்கள் முன்வாய்களைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஊருக்குள் ஓட்டும்போது முன்வாய்களே போதும். முழு மிதியில்தான் பின்வாய்கள் வேலைக்கு வரும்.

அவ்வளவு பெரிய வாசல் சட்டென்று திறந்தால் என்ன ஆகும்? காற்று லேசானது, உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, கிளம்பி வரத் தாமதமாகும். முன்வாய்க்கு அந்த இடைவெளியை நிரப்ப ஆக்சிலரேட்டர் பம்ப் உண்டு, பின்வாய்க்குக் கிடையாது. அதனால்தான் பின்பக்கத்தில் இரண்டு அடுக்குக் கதவு வைத்தார்கள். கீழே உள்ள த்ராட்டில் பிளேடுகளை மிதியே கம்பி வழியாகத் திறக்கிறது. மேலே உள்ள ஏர் வால்வு என்ற மூடியை எந்தக் கம்பியும் திறப்பதில்லை. இன்ஜின் உறிஞ்சும் வேகத்துக்கு ஏற்ப அது தானாகத் திறக்கும். மூடியின் தண்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேம். மூடி திறக்கத் திறக்க அந்தக் கேம் ஒரு சின்னத் தொங்கலைத் (ஹேங்கர்) தூக்கும், அதில் தொங்கும் இரண்டு ராடுகளும் பெட்ரோல் துளையிலிருந்து மேலெழும். காற்று எவ்வளவோ அதற்கேற்ற பெட்ரோல். மூடி அசையத் தொடங்கும் அந்தக் கணத்துக்கென்று தனியாகச் சிறு கிணறுகள் இருக்கின்றன. அவற்றின் துளைகள் முதல் மிடறைக் கொடுக்கும்.

ஆக, மூடி அவசரப்படாமல் திறக்க வேண்டும். அதைப் பிடித்து வைப்பவை இரண்டு: ஒரு ஸ்பிரிங், இன்ஜினின் உறிஞ்சலால் இயங்கும் ரப்பர் சவ்வான ஒரு வேக்குவம் டயஃப்ரம். எல்லோரும் ஸ்பிரிங்கில் கை வைக்கிறார்கள். டயஃப்ரத்தைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. முதல் தவறும் மிகப் பெரிய தவறும் இதுதான்.

அந்த டயஃப்ரத்துக்கு புல்-ஆஃப் என்று பெயர். சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் தகட்டை) லேசாகத் திறப்பதும் அதுவே என்பதால், "அது சோக் சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது மேனிஃபோல்டு வேக்குவம் (கலவை இன்ஜினுக்குப் போகும் குழாய்களில் உண்டாகும் உறிஞ்சல்) அதை உள்ளே இழுத்து வைத்திருக்கும், அதன் கம்பி ஏர் வால்வை மூடியபடி பிடித்திருக்கும். முழுக்க மிதித்ததும் வேக்குவம் விழும். டயஃப்ரம் சட்டென்று விட்டுவிடாது. ஒரு நுண்துளை வழியாகக் காற்று மெல்லப் புகுந்த பிறகுதான் பிடி தளரும். அந்தத் தாமதத்தில்தான் பெட்ரோல் காற்றோடு வந்து சேர்கிறது.

என் கட்லஸில் நடந்தது இதுதான். கார்புரேட்டரை முன்பே ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரித்துக் கழுவிச் சேர்த்திருந்தார்கள். பளபளவென்று இருந்ததால் அதைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. ஒருநாள் கை வேக்குவம் பம்பை புல்-ஆஃபில் மாட்டி அழுத்தினேன். முள் 15 அங்குலம் (பாதரச அளவு) வரை ஏறியது, விரலை எடுப்பதற்குள் சுழியத்துக்கு வந்துவிட்டது. உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. மூடியைப் பிடிக்க ஆளே இல்லாமல்தான் இரண்டு மாதம் நான் ராடுகளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நல்ல புல்-ஆஃப் வேக்குவத்தைப் பிடித்து நிற்கும். குழாயைக் கழற்றினால் அதன் தண்டு ஒன்று, ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டு நிதானமாக வெளியே வரும். கிழியாவிட்டாலும் டப்பென்று வந்துவிட்டால் அது பயன்படாது. இப்போது கடையில் கிடைக்கும் மாற்றுப் பாகங்களில் பலவற்றுக்கு இந்த நிதானம் இல்லை. பெட்டியைப் பிரித்ததும் பம்பில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் பூட்ட வேண்டும். குழாயையும் பாருங்கள். அது மேனிஃபோல்டு வேக்குவம் வரும் முனையில் இருக்க வேண்டும், த்ராட்டில் திறந்தால்தான் வேக்குவம் வரும் முனையில் அல்ல. மாற்றி மாட்டியிருந்தால் புல்-ஆஃப் புதிதாக இருந்தும் பலனில்லை.

அடுத்தது ஸ்பிரிங். பின்வாய் திறக்கும்போது வரும் அந்த ஆழமான உறுமல் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். அது சீக்கிரம் கேட்க வேண்டும் என்று ஸ்பிரிங்கைத் தளர்த்துகிறார்கள். உறுமுவது காற்று. அது சீக்கிரம் கேட்பதால் வண்டி சீக்கிரம் போய்விடாது. தளர்ந்த ஸ்பிரிங்கில் மூடி முந்தித் திறக்கும், மறுபடி அதே திணறல். ஹோலி என்ற வேறு நிறுவனத்தின் கார்புரேட்டர் வைத்திருப்பவர்களும் இதே ஆசையில்தான் வேக்குவம் டயஃப்ரத்துக்கு மிக மெல்லிய வெள்ளை ஸ்பிரிங்கைப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். சரியாக அமைந்த பின்வாய் திறப்பது முதுகில் ஒரு குத்தாகத் தெரியாது. இழுவை சீராக ஏறிக்கொண்டே போகும். அந்தக் "குத்து" பெரும்பாலும் முந்தைய நொடியில் விழுந்த பள்ளத்திலிருந்து வண்டி மீண்டு வருவதுதான்.

ஸ்பிரிங்கை அமைக்கும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பக்கவாட்டில் ஒரு சிறிய ஆலன் ஸ்க்ரூ இருக்கும், அது பூட்டு. அதன் அருகே ஸ்க்ரூடிரைவர் காடியுள்ள இன்னொரு ஸ்க்ரூ, அதுதான் இறுக்கத்தை மாற்றுவது. பூட்டை மட்டும் தளர்த்தினால் ஸ்பிரிங் நொடியில் அவிழ்ந்துவிடும், பழைய அளவு என்ன என்று பிறகு தெரியாது. ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரால் இறுக்கும் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் 3/32 அங்குல ஆலன் கீயைத் திருப்புங்கள். மூடி தானாகச் சற்றுத் திறக்கும்வரை தளர்த்தி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மூடி சரியாக மூடும் புள்ளிவரை இறுக்கி, அங்கிருந்து கணக்குத் தொடங்க வேண்டும். பல மாடல்களுக்கு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்று மேல்வரை. உங்கள் கார்புரேட்டர் எண்ணுக்கு உரிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதற்குப் பிறகு மாற்றுவதானால் ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். திணறல் வந்தால் இறுக்கவும், தாமதமாகத் திறப்பதாகத் தெரிந்தால் தளர்த்தவும்.

இறுக்குவதற்கு முன் மூடியை விரலால் முழுக்கத் திறந்து விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால் தண்டில் பிசின் படிந்திருக்கும், அல்லது கார்புரேட்டரை இன்ஜினோடு பிணைக்கும் முன் போல்ட்டுகளை யாரோ முறுக்கித் தள்ளியிருப்பார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் கார்புரேட்டரின் மேல்மூடியே வளைந்துவிடும், குவாட்ராஜெட்டுக்கு இது பழைய வியாதி. இதைச் சரிசெய்யாமல் ஸ்பிரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இப்போதுதான் ராடு. இவற்றைக் கழற்ற மேல்மூடியைப் பிரிக்க வேண்டியதில்லை. தொங்கலைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூவை எடுத்தால் தொங்கலும் இரண்டு ராடுகளும் ஒன்றாக மேலே வந்துவிடும். அந்த ஸ்க்ரூ நேராகப் பின்வாய்க்கு மேலே இருக்கிறது. கை நழுவினால் உள்ளே விழும், பிளேடு திறந்திருந்தால் நேரே மேனிஃபோல்டுக்குள் போய்விடும். சுத்தமான துணியை வாய்களில் அடைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் துணியை எடுத்தாயிற்றா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும்.

ராடின் மேல் இரண்டு எழுத்துக் குறி பொறித்திருக்கும். அகர வரிசையில் முந்திய குறி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது குறைவு என்று நினைப்பது பெரிய தவறு. அந்தக் குறிகளுக்கு அப்படி வரிசை கிடையாது. நுனியின் தடிமனும் நுனியின் நீளமும்தான் கணக்கு. மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்பதே நல்லது. துளையின் விட்டம் 0.135 அங்குலம். நுனி 0.057 அங்குலத்திலிருந்து 0.040-க்கு மெலிந்தால் பெட்ரோல் போகும் வழி சுமார் 11 சதவீதம் கூடுகிறது. கண்ணுக்குச் சிறிதாகப் படும் வித்தியாசம் இன்ஜினுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும். தொங்கலுக்கும் தனிக் குறி உண்டு. தொங்கலின் உயரம் மாறினால் ராடுகள் நிற்கும் உயரமும் மாறும், உயர நின்றால் பெட்ரோல் கூடும். ராடையும் தொங்கலையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

தொங்கலை வெளியே எடுத்த கையோடு அந்தப் பிளாஸ்டிக் கேமை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். ஐம்பது வருடப் பொருள், விரிசல் விட்டிருக்கும். அது உடைந்தால் மூடி திறந்தாலும் ராடுகள் எழாது. அப்போது வருவது நிஜமான பெட்ரோல் பற்றாக்குறை. அதிவேகத்தில் அப்படி ஓட்டினால் பிஸ்டனுக்கே ஆபத்து.

சிலருக்குப் பின்வாய் திறப்பதே இல்லை, வருடக்கணக்காக இரண்டு வாயிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பின்வாய் திறக்காமலிருக்க ஒரு பூட்டு உண்டு. சோக் முழுக்கத் திறந்தால்தான் அது விலகும். சோக் சுருளுக்கு வெப்பம் போகாவிட்டால் சோக் ஒரு மயிரிழை மூடியே நிற்கும், பூட்டும் விலகாது. இதற்குச் சிலர் பூட்டையே வெட்டி எறிகிறார்கள். அதைச் செய்யாதீர்கள், சோக்கைச் சரிசெய்யுங்கள். அதேபோல, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை உள்ளே உட்கார்ந்து மிதியை அழுத்தச் சொல்லி, பின் பிளேடுகள் முழுக்கத் திறக்கின்றனவா என்று மேலிருந்து பாருங்கள். நீண்டுபோன கேபிள், மிதிக்கு அடியில் மடிந்த கார்ப்பெட், பிளேடில் இடிக்கும் தவறான கேஸ்கெட், மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

மிதித்த உடனேயே திணறினால் அது முன்பக்கத்து ஆக்சிலரேட்டர் பம்ப்பின் குறை. சற்றுக் கழித்துத் திணறினால் ஏர் வால்வு. நன்றாக இழுத்துவிட்டுச் சில நொடியில் படுத்துவிட்டால் கார்புரேட்டரின் கிண்ணம் காலியாகிறது என்று பொருள். குவாட்ராஜெட்டின் கிண்ணம் சிறியது. பெட்ரோல் குழாய் வந்து சேரும் நட்டுக்குள் ஒரு குட்டி ஃபில்ட்டர் ஒளிந்திருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். இக்னிஷன் டைமிங் சரியில்லாத இன்ஜினில் இவை எதையும் தொடவே வேண்டாம்.

கடைசியாகச் சோதிக்கும் விதம். பார்க்கிங்கில் நிறுத்தி, நியூட்ரலில் உறுமவிட்டு, "மூடி திறக்கவே இல்லையே" என்கிறார்கள். பாரம் இல்லாத இன்ஜின் அவ்வளவு காற்றை உறிஞ்சாது, மூடி திறக்காமல் இருப்பதுதான் இயல்பு. ஸ்க்ரூடிரைவரால் மூடியைத் திறந்துவைத்துப் பார்ப்பதும் வேண்டாம், ஏர் கிளீனர் இல்லாத நேரத்தில் பேக்ஃபயர் (தீ திரும்பி மேலே வெடிப்பது) ஆனால் முகத்துக்கு நேரே தீ வரும். ஏர் கிளீனரை மாட்டி, இன்ஜின் முழுச்சூடு ஏறிய பிறகு, ட்ராக்கிலோ டைனமோமீட்டரிலோ ஒரே கியரில், ஒரே வேகத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கட்டும், காதை நம்ப வேண்டாம். வைட்பேண்ட் ஆக்சிஜன் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. முழு மிதியில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5-லிருந்து 13-க்குள் இருந்தால் ராடைத் தொட வேண்டியதில்லை.

என் கட்லஸில் கிழிந்த புல்-ஆஃபை மாற்றி, ஸ்பிரிங்கை முக்கால் சுற்றில் வைத்து, வண்டி வந்தபோது இருந்த அதே ராடுகளைத் திரும்பப் போட்டேன். திணறல் போய்விட்டது. வாங்கிக் குவித்த மூன்று ஜோடி ராடுகள் இன்னும் கராஜ் அலமாரியில் கிடக்கின்றன.