ஜீப் வாங்கும் முன் ஐடிவியைப் பாருங்கள்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டுமென்றால் இரண்டு, மூன்று வருடம் ஓடியதைத் தேடுங்கள். விலை பேசும் முன் இன்சூரன்ஸ் தாளைக் கேட்டு வாங்கி அதில் ஐடிவி, அதாவது புது விலையில் தேய்மானம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி போடும் வண்டி மதிப்பு, எவ்வளவு என்று பாருங்கள். பேரத்தை அங்கிருந்து கீழே தொடங்கலாம்.

காப்பீட்டுக் கணக்கில் வண்டி 6 மாதம் தாண்டினால் 15, ஒரு வருடம் தாண்டினால் 20, இரண்டு வருடம் தாண்டினால் 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஆயுள் வரி, பதிவுச் செலவெல்லாம் முதல் ஓனர் கட்டியாயிற்று. விற்கும்போது அதை அப்படியே உங்கள் தலையில் கட்ட அவரால் முடியாது.

வால்பாறை, தாளவாடிப் பக்கம் எஸ்டேட்டில் உழைத்த வண்டியா? அடிப்பக்கம் குனிந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாலு சக்கரமும் மெதுவாக, கூடுதல் இழுவையோடு சுழலும் ஃபோர்-லோ கியரைத் தோட்டத்து மண்ணில் போட்டுப் பாருங்கள், காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். அங்கே சக்கரம் வழுக்க இடமில்லாமல் கியர் இறுகிக்கொள்ளும்.

மஹிந்திரா தார் மாதிரி கிராக்கி உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக எடுபடாது, பழசுக்கே நல்ல விலை சொல்வார்கள். கடன் வாங்கி எடுப்பதானாலும் யோசியுங்கள். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல்.