பெருந்தொற்றில் தொலைத்த உறக்கம்

2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றாக அறிவிக்கப்பட்ட சில வாரங்களிலேயே, நள்ளிரவில் விழித்துக்கொண்டு கைப்பேசியில் இறப்பு எண்ணிக்கையைத் தேடும் பழக்கம் என்னை ஒட்டிக்கொண்டது. நெஞ்சு படபடக்கும், அதையே நோயின் அறிகுறி என்றெண்ணி மேலும் தேடுவேன்.

தொலைபேசியில் அணுகிய மனநல மருத்துவர், மாத்திரையைப் பற்றிப் பேசுமுன் நான் விழிக்கும் நேரத்தைத்தான் கேட்டார். எப்படி உறங்கினாலும் காலை ஆறு மணிக்கு எழுவது, இருபது நிமிடமளவில் உறக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு அகல்வது, செய்திகளை மாலையில் ஒருமுறை மட்டும் பார்ப்பது என்று அவர் வகுத்த ஒழுங்கில் முதல் வாரம் முன்னைவிட மோசமாகவே கழிந்தது (அதையும் அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்). ஆறாவது வாரத்தில் ஐந்து மணி நேரம் இடையறாது உறங்கினேன்.

தொற்றின் முதலாண்டில் உலகெங்கும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் சுமார் 25 விழுக்காடு கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்ததைப் படித்த பிறகே, இது என் கோழைத்தனம் என்ற வெட்கம் விலகியது.