புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: பழைய ரயில் கப்ளிங் மாதிரியைச் செப்பனிடுவது எப்படி

அமெரிக்காவிலிருந்து மச்சான் ஏலத்தில் எடுத்து அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்ததும் அம்முச்சி சொன்னது: "இதென்ன கண்ணு, இப்படிக் கறுத்துக் கெடக்குது? புளி போட்டுத் தேச்சாப் பளபளன்னு வந்துரும்." குத்துவிளக்குக்குச் சரி. இது ரயில் பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங்கின் மாதிரி. ஒரு சாண் நீளம், பித்தளையும் மரமும். காப்புரிமை கேட்டவர் செய்து கொடுத்தது என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை, துடைப்பதெல்லாம் அப்புறம்.

படி 1: அளவும் படமும். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 1880 வரை மாதிரி கேட்டு வாங்கியது. எந்தப் பக்கமும் 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விற்பனைக்கோ பயிற்சிக்கோ செய்ததாக இருக்கலாம். ஆறு பக்கமும், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள்.

படி 2: ஆளைத் தேடுதல். மாதிரியின் உடம்பில் காப்புரிமை எண் தேடி இரண்டு நாள் வீணாக்கினேன். மாதிரியைக் கொடுத்த பிறகுதானே எண்ணே கிடைக்கும்! நூலில் கட்டிய சீட்டில் பெயரும் தேதியும் இருந்தால் அதிர்ஷ்டம். எனக்குப் பாதிச் சீட்டுதான். கூகுள் பேட்டன்ட்ஸில் கப்ளிங்குகளுக்கான பி61ஜி என்ற வகைக் குறியீட்டைப் போட்டு, 1880-க்கு முந்தியவை என்று வடிகட்டுங்கள். பழைய எழுத்தை இயந்திரம் தப்பும் தவறுமாகப் படித்திருக்கும், படங்களை நம்புங்கள். குவியல் குவியலாக வரும். அந்தக் காலத்தில் வளையமும் ஊசியும் கோக்க இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கையை விட்டுத் தொழிலாளர்கள் விரல்களை இழந்தார்கள். அதற்கு மாற்றுத் தேடியவர்கள் அத்தனை பேர். மடக்கிய விரல்போலக் கொக்கி பிடிக்கும் எலி ஜானி என்பவரின் 1873 காப்புரிமை, எண் 138405, ஒப்பிட நல்ல படம்.

படி 3: துடைத்தல். மென்மையான தூரிகை, உலர்ந்தபடி. கருகல் தெரிந்தால் உப்புத்தாள் போடாதீர்கள். 1877-இல் அந்தக் காப்புரிமை அலுவலகத்தில் பிடித்த தீயில் சுமார் 87,000 மாதிரிகள் போயின. உங்களுடையது தப்பியதாகவும் இருக்கலாம். மரத்தில் ஸ்பிரிட் வேண்டாம், பழைய அரக்கு வார்னிஷ் கரைந்துவிடும். துருவுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரு ராத்திரி பொறுமை.

படி 4: மரை, அதாவது திருகின் சுற்று வரி. ஒரு திருகு தொலைந்திருந்தது. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மரை கேஜை வைத்துப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "இது எந்தக் கணக்குலயும் சேரலைங்க. ஓட்டையப் பெருசு பண்ணி எம்-4 போட்டுரலாமுங்களா?" எம்-4 என்பது இன்றைய 4 மி.மீ. திருகு. வேண்டவே வேண்டாமுங்கண்ணா என்றேன். 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 60 டிகிரி மரையைப் பொது அளவாக முன்வைக்கும்வரை அமெரிக்காவில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஆகவே சேராத மரையும் ஒரு தடயம். ஓட்டைக்கு ஏற்றபடி திருகைத்தான் கடைய வேண்டும். அண்ணன் முனகிக்கொண்டே கடைந்து தந்தார்.

படி 5: ஒட்டுதல். ஃபெவிக்கால் அல்ல, ஆசாரிகளின் பழைய வஜ்ஜிரப் பசை. வெந்நீர் பட்டால் பிரியும். பின்னால் யாராவது பிரித்துப் பார்க்கலாம். புதிய துண்டின் அடியில் இந்த ஆண்டைக் கொத்திவிடுங்கள்.

ஆடிக் காற்று முடியும்வரை ஜன்னலோரம் வைக்காதீர்கள். அம்முச்சியின் கைக்கு எட்டும் அலமாரியிலும்தான்.