வாதக் கட்டுரைல பசங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

ஹைஸ்கூல் பசங்களோட கட்டுரைங்கள ரொம்ப வருஷமா திருத்திட்டு இருக்கேன், மார்க் போறது ஸ்பெல்லிங்லயோ கையெழுத்துலயோ இல்லங்க, பாதிப் பேருக்கு முதல் பாராலயே போயிடுது. "ஸ்கூல் காலைல லேட்டா ஆரம்பிக்கலாமா"ன்னு தலைப்பு குடுத்தா "ஸ்கூல் நேரம் ரொம்ப முக்கியமான விஷயம், இதுல நன்மையும் இருக்கு தீமையும் இருக்கு"ன்னு எழுதுவாங்க. இதப் படிச்சிட்டு யாராவது சண்டைக்கு வருவாங்களா? மாட்டாங்க, அப்போ அது வாதமே இல்ல. "ஹைஸ்கூல் காலைல 8.30 மணிக்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாது, ஏன்னா பசங்களுக்கு தூக்கம் பத்தல"ன்னு எழுதிப் பாருங்க, இத மறுத்துப் பேச ஆள் இருக்கு, அதுதான் தீசிஸ், அதாவது கட்டுரை நிரூபிக்கப் போற மையக் கருத்து. தைரியமா ஒரு பக்கம் நில்லுங்க, மதில் மேல் பூனை வேலை இங்க ஆகாது.

அடுத்தது ஆதாரம். "ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க"ன்னு எழுதிட்டு போயிடறாங்க, எந்த ஆராய்ச்சியாளர்ப்பா? 2014ல அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், அதாவது அங்க இருக்கிற குழந்தை டாக்டருங்க அமைப்பு, மிடில் ஸ்கூலும் ஹைஸ்கூலும் 8.30க்கு முன்னாடி ஆரம்பிக்க வேணாம்னு பரிந்துரை பண்ணுச்சு. இப்படி யாரு, எப்போ, என்ன சொன்னாங்கன்னு வந்தாத்தான் அது ஆதாரம்.

ஆனா அத ஒட்ட வச்சிட்டு அடுத்த பாராவுக்கு தாவுறதும் தப்புதான், நல்லா எழுதுற பசங்களே இங்க சறுக்குவாங்க. ஆதாரத்துக்கும் உங்க கருத்துக்கும் நடுவுல ஒரு பாலம் வேணும். ஸ்டீஃபன் டூல்மின்னு ஒரு தத்துவ அறிஞர் 1958லயே இத வாரண்ட்னு பேர் வச்சு தனியா பிரிச்சுக் காட்டினாரு. நம்ம உதாரணத்துல பாலம் என்னன்னா, டீன் ஏஜ் வந்தா உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரமே லேட்டாயிடும், ராத்திரி 9 மணிக்கு படுத்தாலும் தூக்கம் வராது, 13லேர்ந்து 18 வயசு வரைக்கும் நாளுக்கு 8லேர்ந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும்ங்கறாங்க, அப்போ ஸ்கூல் சீக்கிரம் ஆரம்பிச்சா அடிவாங்கறது தூக்கம்தானே. இந்த ஒரு வரி இருந்தா "சீக்கிரம் படுக்க வேண்டியதுதானே"ன்னு கேக்கறவங்களுக்கும் பதில் கிடைச்சிடும், அதனாலதான் இத இவ்ளோ நீட்டுறேன்.

எதிர்த்தரப்ப எழுதாம விடுறது ஒரு தப்பு, எழுதுறேன்னு சோளக்கொல்லை பொம்மைய நிக்க வச்சு அடிக்கிறது அதவிட மோசம். "சிலர் பசங்க சோம்பேறின்னு சொல்றாங்க, அது தவறு"ன்னு ஒரே வரில முடிச்சா யாரு ஜெயிச்சதா ஒத்துப்பாங்க? நிஜமான எதிர்ப்பு என்ன, பஸ் டைம் எல்லாம் மாத்தணும், சாயங்கால விளையாட்டு பிராக்டிஸ் இருட்டுற வரைக்கும் போகும், வேலைக்கு சீக்கிரம் கிளம்புற அப்பா அம்மா என்ன பண்ணுவாங்க. இதுல எது வலுவானதோ அத எடுங்க, நியாயமான பகுதிய ஒத்துக்கோங்க, அப்புறம் அப்படியிருந்தும் உங்க பக்கம் ஏன் கனமா இருக்குன்னு சொல்லுங்க. நன்னூல்ல எழுவகை மதம்னு வருமே (இங்க மதம்னா கொள்கை), அதுல அடுத்தவங்க கொள்கைய முதல்ல ஏத்துக்கிட்டு அப்புறம் களையறதும் ஒண்ணு, இலக்கண கிளாஸ்ல மனப்பாடம் பண்ணி மறந்தது இங்கதான் உதவுது.

"என் தாழ்மையான கருத்து என்னவென்றால்" வேணவே வேணாம், பேர் போட்டு எழுதறது நீங்கதானே. "எல்லாரும்", "எப்பவுமே" மாதிரி வார்த்தைங்கள குறைங்க, ஒரே ஒரு விதிவிலக்கு போதும் வரி மொத்தமும் கவுந்துடும்.

அப்புறம் கடைசி பாரால புது பாயிண்ட் ஆரம்பிக்காதீங்க. தூக்கத்தப் பத்தி அவ்ளோ அழகா எழுதிட்டு வந்த ஒரு கட்டுரை, கடைசி ரெண்டு வரில "மேலும் செல்போனையும் தடை செய்ய வேண்டும்"னு முடிஞ்சுது, சிவப்பு பேனாவ கீழ வச்சிட்டு சிரிச்சேன்.