நெப்போலியன் தீவுன்னு சொல்லி முடிச்சிடாதீங்க: செயின்ட் ஹெலீனா பத்திப் பண்ணக்கூடாத தவறுகள்

செயின்ட் ஹெலீனான்னு சொன்னதும் நம்ம ஆளுங்க வாயில வர்றது ஒரே பேருதான், நெப்போலியன். சரி, அது தப்பில்ல. ஆனா அந்த நெப்போலியன் கதையையே தப்பா சொல்றவங்கதான் ஜாஸ்தி. பொது அறிவு வீடியோ போடுறவங்க பாதிப் பேரு எல்பாவையும் செயின்ட் ஹெலீனாவையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கி, "இந்தத் தீவுலேர்ந்து தப்பிச்சு வந்து மறுபடி பேரரசர் ஆனார்"னு பின்னணி மியூசிக்கோட சொல்றாங்க. தப்பிச்சது எல்பாவுலேர்ந்து. அது இத்தாலிக்குப் பக்கத்துல, மத்தியதரைக் கடல்ல இருக்குற தீவு. 1814ல அங்க அனுப்பினாங்க, வருஷம் திரும்புறதுக்குள்ள 1815 பிப்ரவரில கிளம்பி வந்துட்டாரு. வாட்டர்லூ சண்டையில தோத்ததுக்கு அப்புறம், இந்த ஆளை ஐரோப்பா பக்கத்துலயே வச்சா சரிப்படாதுன்னு முடிவு பண்ணித்தான் தெற்கு அட்லாண்டிக்குக்கு அனுப்பினாங்க. 1815 அக்டோபர்ல வந்து இறங்கினவரு 1821 மே 5ல, அவரைக் காவல்ல வச்சிருந்த லாங்வுட் வீட்டுல செத்துப்போனாரு, தப்பிக்கவே இல்ல.

இதுலயே இன்னொண்ணு. அவரோட கல்லறை அங்க இருக்கு, உடம்பு இல்ல. 1840லயே தோண்டி எடுத்து பாரிஸுக்குக் கொண்டு போயிட்டாங்க. கல்லறை இருக்குற இடத்தையும் லாங்வுட் வீட்டையும் 1858ல பிரான்ஸ் வாங்கிடுச்சு, பிரிட்டிஷ் தீவுக்குள்ள இன்னைக்கும் அது பிரெஞ்சு அரசோட சொத்து. அதனால "நெப்போலியன் புதைக்கப்பட்டிருக்கும் தீவு"ன்னு தலைப்பு வைக்காதீங்க.

அடுத்தது எங்க இருக்குங்குற விஷயம். "ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல"ன்னு ஒரே வரில எழுதிட்டுப் போயிடுறாங்க, அந்தப் பக்கம் எவ்வளவுன்னா ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர், அந்தாண்ட பிரேசில் இன்னும் தூரம், இடையில வேற ஒண்ணுமில்ல. தீவோட பரப்பு 120 சதுர கிலோமீட்டர் சொச்சம், ஆளுங்க சுமார் 4,400 பேரு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்க 16 டிகிரி, அதைப் பாத்துட்டு நம்ம ஊரு மாதிரி வேகும்னு நினைச்சுக்குறாங்க. இல்லங்க. தென்கிழக்குலேர்ந்து வருஷம் பூரா காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், சுத்தி இருக்குற கடல் தண்ணியும் குளுகுளுன்னு இருக்குறதால கீழ ஜேம்ஸ்டவுன்ல வெயில் அடிச்சாலும் மேல லாங்வுட் பக்கம் போனா மூடுபனியும் சாரலுமா இருக்கும். கரையோரம் பூரா மொட்டைப்பாறை, உள்ள ஏற ஏற பச்சை. கப்பல்லேர்ந்து மொதல்ல பாக்குறவங்க இதுல மனுஷன் இருப்பானான்னு யோசிக்கிற மாதிரி செங்குத்தான கரும்பாறைதான் தெரியும். தலைநகர் ஜேம்ஸ்டவுனே ரெண்டு மலைக்கு நடுவுல இடுக்குல சொருகின ஒரு தெரு மாதிரிதான் இருக்கும், அகலமா விரியறதுக்கு இடமே கிடையாது. அந்தப் பள்ளத்துலேர்ந்து மலை மேல இருக்குற கோட்டைக்கு நேரா ஏறுது ஜேக்கப்ஸ் லேடர், 699 படி. 1829ல சாமான் இழுக்குறதுக்காகப் போட்ட பாதை அது, டூரிஸ்டுக்காக இல்ல.

எனக்குத் தெரிஞ்சு பெரிய தப்பு எதுன்னா, இதை உலகத்தோட தொடர்பே இல்லாத தனித்தீவுன்னு நினைக்கிறதுதான். விமானத்தை வச்சு யோசிச்சா அப்படித்தான் தோணும். பாய்மரக் கப்பலை வச்சு யோசிங்க. ஆசியாவுலேர்ந்து ஐரோப்பா திரும்புற கப்பல் எல்லாம் ஆப்பிரிக்காவோட தென்முனையைச் சுத்தி வந்து, அந்தத் தென்கிழக்குக் காத்தைப் புடிச்சு மேல ஏறும்போது இந்தத் தீவு சரியா வழியில வரும். மாசக்கணக்கா கடல்ல வந்தவனுக்கு நல்ல தண்ணி, காய்கறி, கறி கிடைக்குற இடம். போர்த்துகீசியருங்க 1502ல கண்டுபிடிச்சு ரகசியமா வச்சிருந்ததா சொல்லுவாங்க, 1659ல இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனி வந்து குடியேத்தம் ஆரம்பிச்சுது. ஆமா, நம்ம மெட்ராஸ்ல கோட்டை கட்டின அதே கம்பெனிதான். மெட்ராஸ்லேர்ந்தும் கல்கத்தாலேர்ந்தும் சரக்கு ஏத்திட்டு லண்டன் திரும்புற கப்பலுக்கு இது ஸ்டாப்பிங். 1834ல தான் தீவு கம்பெனி கையை விட்டு நேரடியா பிரிட்டிஷ் மன்னர் ஆட்சிக்குப் போச்சு.

அதனாலதான் இந்தப் பக்கத்து ஆளுங்க பேரு அங்க அடிக்கடி வரும். திப்பு சுல்தானோட நடந்த கடைசி சண்டையில ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்த அலெக்சாண்டர் பீட்சன், 1808லேர்ந்து 1813 வரைக்கும் இந்தத் தீவுக்கு கவர்னர். அதே சண்டையில இருந்த ஆர்தர் வெல்லஸ்லி 1805ல இந்தியாவுலேர்ந்து ஊருக்குத் திரும்பும்போது இங்க இறங்கி தி பிரையர்ஸ்ங்குற இடத்துல தங்கினாரு. பத்து வருஷம் கழிச்சு வாட்டர்லூல அவரு தோக்கடிச்ச நெப்போலியன், லாங்வுட் ரெடி ஆகுற வரைக்கும் தங்கினதும் அதே பிரையர்ஸ்ல தான். இதையெல்லாம் யாரும் வீடியோவுல சொல்றதில்ல, நெப்போலியனுக்கு ஆர்சனிக் விஷம் வச்சாங்களான்னே அரை மணி நேரம் பேசிட்டு இருக்காங்க.

இந்தக் கப்பல் வழியைப் புரிஞ்சுக்கிட்டா, "தீவின் பூர்வகுடிகள்"னு எழுதுற தப்பு வராது. பூர்வகுடின்னு அங்க யாருமே கிடையாது, போர்த்துகீசியர் வரும்போது ஆளில்லாத தீவு. மொதல்ல ரொம்ப வருஷம் தங்கின ஆளுன்னு சொல்லப்படுறவரு ஃபெர்னாவ் லோப்பஸ், கோவாவுல எதிரிப் பக்கம் சேந்துட்டான்னு மூக்கு, காது, வலது கையை வெட்டின போர்த்துகீசிய சிப்பாய், ஊருக்குப் போற வழில இங்கயே இறங்கித் தனியா வாழ்ந்தவரு. அதுக்கு அப்புறம் வந்ததெல்லாம் கலவை. இங்கிலாந்துலேர்ந்து குடியேறினவங்க, கம்பெனி சிப்பாய்ங்க, மடகாஸ்கர்லேர்ந்தும் இந்தியா, தென்கிழக்காசியப் பக்கத்துலேர்ந்தும் கொண்டு வந்த அடிமைங்க, 1810லேர்ந்து வந்த சீனக் கூலிங்க. இன்னைக்கு இருக்குறவங்க இவங்க எல்லாரோட கலப்புல வந்தவங்க, தங்களை "செயின்ட்ஸ்"னு சொல்லிக்குவாங்க, பேசுறது அவங்க பாணி இங்கிலீஷ். வெள்ளைக்காரங்க தீவுன்னோ கறுப்பினத்தவர் தீவுன்னோ ஒரு பெட்டிக்குள்ள அடைக்க முடியாது.

ஒரு விஷயத்தை மட்டும் வேகமா தாண்டிப் போகக்கூடாது. 1840லேர்ந்து கிட்டத்தட்ட முப்பது வருஷத்துக்கு, அட்லாண்டிக்ல அடிமைக் கப்பல்களைப் புடிச்ச பிரிட்டிஷ் கடற்படை, அதுல இருந்த ஆப்பிரிக்கர் நிறைய பேரை இங்க கொண்டு வந்து இறக்குச்சு. 25,000 பேருக்கும் மேல. கப்பலோட அடித்தட்டுல கிடந்து பட்டினியும் நோயுமா வந்தவங்க, அதுல சுமார் 8,000 பேரு அங்கயே செத்து ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்குல புதைக்கப்பட்டாங்க. பல பேரு சின்னப் பசங்க. பொழைச்சவங்கள்ல பெரும்பாலானவங்களை கரீபியன் பக்கம் கூலி வேலைக்கு அனுப்பிட்டாங்க, விடுதலைன்னு பேரு. ஏர்போர்ட்டுக்கு ரோடு போடுற வேலை நடந்தப்ப 2008 வாக்குல 325 பேரோட எலும்பு வெளிய வந்துச்சு, அதை மறுபடி மரியாதையா அடக்கம் பண்றதுக்கு 2022 ஆயிடுச்சு. நெப்போலியனோட காலி கல்லறைக்கு வேலி போட்டு, கொடி ஏத்தி, பாத்துக்குறதுக்கு ஆளு வச்சிருக்காங்க, இந்த 8,000 பேரு பக்கம் இத்தனை காலமா ஒருத்தரும் திரும்பல. தீவு வரலாறு எழுதுறேன்னு சொல்லிட்டு இதை விட்டுட்டா அது நெப்போலியன் ரசிகர் மன்ற நோட்டீஸ்தான்.

பிரிட்டிஷ் தீவுன்னா காசுக்குப் பஞ்சமில்ல, வரிஏய்ப்பு கம்பெனிங்க நிறைய இருக்கும்னு ஒரு நினைப்பு உண்டு. அது கேமன் தீவு மாதிரி இடத்தோட கதை. இங்க கதை வேற. 1869ல சூயஸ் கால்வாய் திறந்துச்சு, நீராவிக் கப்பலும் வந்துடுச்சு, பைபாஸ் போட்டதும் பழைய ரோட்டுல இருந்த சாப்பாட்டுக் கடை ஈ ஓட்டுற நிலைமைதான். 1855ல 1,100 கப்பல் வந்து நின்ன இடத்துல 1889ல வந்தது 288. அப்புறம் நார் எடுக்குற ஃபிளாக்ஸ் செடி வளர்த்தாங்க, மலைச்சரிவு பூரா அதுதான், அதுலதான் பிரிட்டிஷ் தபால் துறைக்கு சாக்குக் கயிறு போச்சு, 1960கள்ல தபால் துறை செயற்கை நாருக்கு மாறினதும் அந்தத் தொழிலும் படுத்துடுச்சு. செடி மட்டும் இன்னும் மலையில மண்டிக் கிடக்கு. இன்னைக்கு தீவோட பட்ஜெட்ல பெரிய பங்கு லண்டன்லேர்ந்து வர்ற உதவிதான், வேலைக்குன்னு தலைமுறை தலைமுறையா ஜனங்க அசென்ஷன் தீவுக்கும் ஃபாக்லாந்து தீவுக்கும் இங்கிலாந்துக்கும் போயிட்டே இருக்காங்க. வீட்டுக்கு ஒருத்தராவது வெளியூர்ல இருப்பாங்க.

இப்ப அரசாங்கம். இதுல ரெண்டு பக்கமும் தப்பு பண்றாங்க, ஒரு கோஷ்டி தனி நாடுங்குது, இன்னொரு கோஷ்டி ஸ்காட்லாந்து மாதிரி ஐக்கிய ராஜ்ஜியத்தோட ஒரு பகுதிங்குது. ரெண்டும் இல்ல. பிரிட்டனோட கடல்கடந்த ஆட்சிப்பகுதி. பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல இவங்களுக்கு எம்பி கிடையாது. தலைவர் மன்னர், அவர் சார்பா லண்டன் அனுப்புற கவர்னர், பாதுகாப்பு, வெளியுறவு, போலீஸ் மாதிரி விஷயம் அவர் கையில. அன்றாட நிர்வாகம் தேர்தல்ல ஜெயிச்ச 12 பேரு உள்ள சட்டசபை கையில. 2021லேர்ந்து முதலமைச்சரும் மந்திரிங்களும் இருக்காங்க, அதுக்கு முன்னாடி கமிட்டி கமிட்டியா பிரிச்சு வேலை பாத்தாங்க, அதனால பழைய புக்கைப் பாத்து எழுதினா முதலமைச்சரே இல்லன்னு எழுதிடுவீங்க. தீவுல இருக்குற கோர்ட்டு தீர்ப்புக்கு மேல கடைசி அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சில்.

குடியுரிமையும் நேர்கோடு இல்ல. 1981ல வந்த பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் செயின்ட்ஸோட முழு உரிமையைப் புடுங்கிடுச்சு, இங்கிலாந்துல போய் வாழ்ற உரிமை போச்சு. ஃபாக்லாந்துக்காரங்களுக்கு மட்டும் அர்ஜென்டினாவோட நடந்த சண்டை முடிஞ்ச கையோட 1983ல திருப்பிக் குடுத்தாங்க, இவங்களுக்கு 2002 மே 21 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு, தீவைக் கண்டுபிடிச்சு 500 வருஷம் ஆன நாள்னு தேதி பாத்துக் குடுத்தாங்க. நல்ல மனசுதான் போங்க.

"செயின்ட் ஹெலீனாவும் அதன் கீழ் வரும் அசென்ஷன், டிரிஸ்டன் டா குன்யா"ன்னு எழுதுறது 2009க்கு முன்னாடி சரி, இப்பத் தப்பு. 2009 அரசியலமைப்புல மூணுக்கும் சம அந்தஸ்து, கவர்னர் மட்டும் பொது. மேப்புல மூணையும் ஒரு கட்டத்துக்குள்ள போடுறதால பக்கத்துப் பக்கத்துல இருக்குன்னு நினைச்சுடாதீங்க, அசென்ஷன் வடமேற்க 1,300 கிலோமீட்டர், டிரிஸ்டன் தெற்க 2,400 கிலோமீட்டர். இந்த ரெண்டும் பிரிட்டன் கைக்கு வந்ததே நெப்போலியனை யாராவது வந்து தூக்கிட்டுப் போயிடக்கூடாதுன்னு காவலுக்கு ஆளு போட்டதாலதான். காவல் முடிஞ்சு 1817ல படை கிளம்பினப்ப டிரிஸ்டன்ல வில்லியம் கிளாஸ்னு ஒரு சிப்பாய் குடும்பத்தோட தங்கிட்டாரு, அந்த ஊரு அங்கேர்ந்து வளர்ந்ததுதான். உலகத்துலயே மனுஷங்க வாழ்ற ரொம்பத் தொலைவான தீவுன்னு சொல்றது டிரிஸ்டனை, செயின்ட் ஹெலீனாவை இல்ல, இந்தப் பட்டத்தையும் நிறைய பேரு மாத்திக் குடுத்துடுறாங்க. 1961ல எரிமலை வெடிச்சு மொத்த ஊரையும் இங்கிலாந்துக்குக் கொண்டு போனாங்க, ரெண்டு வருஷத்துல பெரும்பாலானவங்க எங்களுக்கு எங்க தீவே போதும்னு திரும்பிட்டாங்க. அசென்ஷன் நேர் எதிர். அங்க நிரந்தரக் குடின்னு யாருக்கும் உரிமை இல்ல, வேலை கான்ட்ராக்ட் இருந்தா இருக்கலாம், முடிஞ்சா மூட்டையைக் கட்டணும், அங்கயே பொறந்து வளர்ந்தவங்களா இருந்தாலும்.

கடைசியா ஏர்போர்ட். "உலகத்துலயே உருப்படாத ஏர்போர்ட்"னு பத்திரிகைங்க பேரு வச்சது 2016ல. சுமார் 28 கோடி பவுண்டுக்கு மேல செலவு பண்ணிக் கட்டி முடிச்சுட்டு, ஓடுபாதை முனையில காத்து திடீர்னு திசை மாறுதுன்னு பெரிய விமானம் இறக்க முடியாம திறப்பு விழாவைத் தள்ளி வச்சாங்க, அது உண்மை. ஆனா அதையே இன்னைக்கும் காப்பி பேஸ்ட் பண்றது சோம்பேறித்தனம். 2017 அக்டோபர் 14லேர்ந்து ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து ஏர்லிங்க் விமானம் வாரா வாரம் வருது, சின்ன ஜெட் தான். அதுக்கு முன்னாடி கேப்டவுன்லேர்ந்து ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலீனா கப்பல்ல அஞ்சு நாள், அதுவும் நேரா கரைக்குப் போகாது, படகுல வந்து, ஜெட்டி படிக்கட்டுல தொங்குற கயித்தைப் புடிச்சு, அலை மேல தூக்குற நேரம் பாத்து எட்டி வைக்கணும். அவசர சிகிச்சைக்கு ஒருத்தரைக் கேப்டவுனுக்குக் கொண்டு போறதுக்கு இப்ப சில மணி நேரம்ங்குறது அந்த ஊருக்காரங்களுக்கு எவ்வளவு பெரிசுன்னு இதுல தெரிஞ்சுக்கலாம். அந்தக் கப்பல் 2018ல ஓய்வு எடுத்துடுச்சு, இன்னும் கப்பல்ல போகலாம்னு எழுதுற பழைய பதிவை நம்பி பிளான் போடாதீங்க.

போற ஐடியா இருந்தா, இங்கிலாந்து விசா இருக்கே போதும்னு கிளம்பிடாதீங்க, தீவோட இமிக்ரேஷன் தனி, வழில தென்னாப்பிரிக்கா விதியையும் பாத்துக்கணும். அவசர சிகிச்சைக்கு வெளிநாட்டுக்குத் தூக்கிட்டுப் போற செலவும் சேந்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். திரும்புற தேதிக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் இடைவெளி விடுங்க, காத்தும் மேகமும் சரியில்லன்னா விமானம் இறங்காது. அங்க ஓடுறது செயின்ட் ஹெலீனா பவுண்டு, மதிப்பு இங்கிலாந்து பவுண்டுக்குச் சமம்தான், அதுக்காக மிச்சக் காசை லண்டன் கடையில நீட்டினா வாங்க மாட்டாங்க, கிளம்புறதுக்கு முன்னாடியே ஜேம்ஸ்டவுன் பேங்க்ல மாத்திடுங்க.