கோசோவில் கல்வீடு வாங்க நினைப்பவர்கள் ஜனவரியில் போங்கள்

மால்டா நாட்டைச் சேர்ந்த கோசோ தீவில் வீடு பார்க்க எந்த மாதம் நல்லது என்று கேட்பவர்களிடம் ஜனவரி என்றுதான் சொல்வேன். கேட்டவர் முகம் வாடிவிடும். கடலில் குளிக்க வேண்டும் என்றால் ஜூனிலோ செப்டம்பரிலோ போகலாம். ரம்லா விரிகுடாவின் செம்மணல், ஷ்வெய்னி உப்பளங்கள், ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் பழமையான ஜிகந்தியா கோயில்கள் எல்லாம் 67 சதுர கிலோமீட்டருக்குள் இருக்கின்றன, பஸ்ஸிலேயே சுற்றிவிடலாம். த்வெய்ரா கடலோரத்தில் சாளரம்போல் நின்ற பாறை வளைவு மட்டும் இப்போது இல்லை. 2017 மார்ச் 8 அன்று புயலில் கடலுக்குள் சரிந்தது. அன்று நான் மால்டாவில் வேலையில் இருந்தேன். உடன் வேலை செய்தவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பறிகொடுத்ததைப் போலப் பேசிக்கொண்டார்கள். இந்தத் தீவுக்காரர்களுக்குக் கல் என்றால் என்ன என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பழைய வீடுகள் பெரும்பாலும் ஃப்ராங்கா என்னும் தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டியவை. ரம்பத்தால் அறுக்கும் அளவுக்கு மென்மையான கல். மாலை வெயில் பட்டால் வீடே விளக்கேற்றியதுபோல் ஒளிரும். எந்த ஊர் வீட்டிலும் நான் கண்டிராத அழகு அது. ஆனால் அந்தக் கல் தண்ணீரைக் குடிக்கும். ஜூலையில் காய்ந்து மணக்கும் அறை, ஜனவரியில் முழங்கால் உயரம்வரை ஈரம் ஏறி நிற்கும். ஆகவே மழைக்கு மறுநாள் போய், சுவரின் அடிப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளை மாவு போல உப்பு ஒட்டினால், எங்கிருந்து ஈரம் ஏறுகிறது என்று கேளுங்கள். ஓர் அறைக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அந்த அறையில் கூடுதல் நேரம் நில்லுங்கள்.

அடுத்து, தலைநிமிர்ந்து கூரையைப் பாருங்கள். ஷொரொக் என்னும் கற்பலகைகளை வளைவுகள் மேலோ உத்தரங்கள் மேலோ அடுக்கியிருப்பார்கள். இரும்பு உத்தரமாக இருந்து துருப்பிடித்தால், அது உப்பிப் பலகையைப் பிளக்கும். இதைச் சொல்ல பெரிட் வேண்டும். கட்டடக் கலைஞரையும் கட்டுமானப் பொறியாளரையும் சேர்த்து அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி இருந்தால் (அவர்கள் மொழியில் பீர்) மூடியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறே இல்லாத நாடு. குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. நல்ல தொட்டி உள்ள வீடு கிடைத்தால் அது பெரிய வரம்.

தீவில் விமான நிலையம் இல்லை. மால்டா தீவின் சிர்கெவ்வாவிலிருந்து கோசோவின் இம்ஜார் துறைமுகத்துக்குக் கப்பல் ஏறினால் 25 நிமிடம். வடகிழக்கிலிருந்து கிரிகால் காற்று வீசும் நாளில் ஒருமுறை போய்வாருங்கள். அந்தப் பயணம் பிடிக்காதவர் அங்கே குடியிருக்க முடியாது.

பத்திர வேலை கொன்வென்யு என்னும் முன் ஒப்பந்தத்தில் தொடங்கும். பொதுவாக விலையில் பத்து சதவீதத்தைப் பத்திரம் எழுதும் நோட்டரியிடம் வைப்பார்கள். மூன்று மாத அளவில் கிரயம் முடிக்கத் தவணை இருக்கும். காரணமில்லாமல் பின்வாங்கினால் முன்பணம் போய்விடும். எனவே உரிமைச் சோதனை, கட்டட அனுமதிகள், வங்கிக் கடன் ஆகிய மூன்றையும் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாத என் போன்றவர்களுக்கு ஏஐபி என்னும், வெளிநாட்டவர் சொத்து வாங்குவதற்கான அரசு அனுமதி தேவை; அதையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். அந்த அனுமதியில் வாங்கும் வீடு சொந்தக் குடியிருப்புக்குத்தான். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், இந்த அனுமதி தேவைப்படாத சாம்ப்ரே கோட்டை போன்ற சிறப்புப் பகுதிகளைப் பாருங்கள்.

நான் முதலில் ஆசைப்பட்டது ஷாரா என்னும் ஊரில் ஒரு வீடு. கல்லரியா என்னும் மரப் பால்கனி, முற்றத்தில் எலுமிச்சை. நோட்டரி பழைய பத்திரங்களைத் தேடியபோது பதினோரு வாரிசுகள் வந்தார்கள். பத்துப் பேர் கையெழுத்திட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒருவரைப் பற்றி விற்பவர் என்னிடம் மூச்சுவிடவில்லை. ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்ததால் பணம் முழுதும் திரும்பி வந்தது. அந்த எலுமிச்சை மரத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டாவது வீட்டுக்குப் பெரிய கேள்வி இரண்டு கேட்டேன். நிலவாடகை, அதாவது சென்ஸ் உண்டா, அது நிரந்தரமா தவணைக்குட்பட்டதா என்பது ஒன்று. தவணைக்குட்பட்டது என்றால் காலம் முடிந்ததும் வீடு மூல உரிமையாளருக்குப் போகலாம். மற்றொன்று மாடிக்கு மேலுள்ள வெளி யாருடையது என்பது. மால்டாவில் கூரைக்கு மேலான வான்வெளியைத் தனியே விற்கலாம். உங்கள் தலைக்கு மேல் வேறொருவர் மாடி எழுப்பும் உரிமையோடு வீடு கைமாறுவதுண்டு. கிரயத்தன்று நோட்டரி பத்திரத்தை முழுவதும் வாய்விட்டு வாசிப்பார். வான்வெளி பற்றிய வரி வந்ததும் நான் கையை உயர்த்தினேன். அவர் நிறுத்தி, அந்த வரியை இன்னொரு முறை நிதானமாக வாசித்தார்.